கொழுப்புக் கலத்தின் கணக்கு

ஆர்.என்.ஏ. பிரித்தெடுக்கச் சிரமமான இழையங்களில் கொழுப்புக்கு முதலிடம் கொடுப்பேன். ஈரலில் அரிசி மணியளவு துண்டு போதும். கொழுப்பில் அதைப்போலப் பல மடங்கு வேண்டும். கொழுப்புக் கலத்தின் உள்ளே ஒற்றை எண்ணெய்த் துளி இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்ள, கருவும் மற்றவையும் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கின்றன. அரைத்த கலவையைக் குளிர்ந்த மையநீக்கியில் சுழற்றி எடுத்தால் கொழுப்பு மேலே ஆடையாகத் திரளும். ஆடை கலையாமல் பிப்பெற்றின் நுனியைக் கீழே இறக்கி, தெளிந்த பகுதியை மட்டும் உறிஞ்ச வேண்டும். கையுறையில்லாத விரல் பட்டால் போதும், தோலிலிருக்கும் நொதி ஆர்.என்.ஏ.யைச் சிதைத்துவிடும். என்னிடம் ஆய்வுக்கு வந்த பிள்ளைகளுக்கு நான் முதலில் பழக்கியது இந்தக் கைப்பக்குவத்தைத்தான், கோட்பாடு பிறகு.

அப்படி எடுத்த துளியில், அந்தக் கலம் அன்றைக்கு எந்தெந்தப் புரதங்களைச் செய்யப் புறப்பட்டிருந்தது என்ற பதிவு இருக்கும். நான் படித்த பாடப்புத்தகங்களில் கொழுப்பு என்றால் சேமித்துவைத்த எரிபொருள், அவ்வளவே. அது மூளையோடும் ஈரலோடும் தசையோடும் ஓயாமல் பேசும் ஓர் உறுப்பு என்பதை என் தலைமுறை ஆய்வாளர்கள் கண்ணெதிரே கண்டோம்.

நான் புத்தளம் மாவட்டத்தின் உடப்பில் பிறந்தவள். முந்தல் களப்புக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மீன்பிடிக் கிராமம் அது. அப்பா கரைவலைச் சம்மாட்டி. வாடைக்காலத்தில் மேற்குக் கடல் அடங்கியதும் தோணி வலையை வளைத்துப் போட்டு வரும். இரு பக்கமும் ஆட்கள் நின்று அம்பாப் பாட்டோடு கயிறு இழுப்பார்கள். மடி கரையேற மணிக்கணக்காகும். அந்த ஆட்கள் சாப்பிடும் சோற்றின் குவியலைப் பார்த்தால் இன்றைய உணவியல் நிபுணர்கள் திகைத்துப் போவார்கள். ஆனால் அவர்களுடைய வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அதே சோறும் அதே மீன் ஆணமும் சாப்பிட்ட அப்பா, வாடியில் உட்கார்ந்து பங்குக் கணக்குப் பார்த்தார். நாற்பது வயதில் அவருக்குச் சீனி வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் அவருக்குக் கிடைத்த அறிவுரை, “வாயைக் கட்டுங்க” என்பது. அப்பா ஆசைக்காரர் அல்லர். மற்றவர்கள் சாப்பிட்டதற்கு மேலே அவர் ஒரு பிடியும் சாப்பிட்டதில்லை. ஆனாலும் அந்த வருத்தத்தை ஒரு குற்றத்தைச் சுமப்பதுபோல அவர் சாகும்வரை சுமந்தார். அது குற்றமல்ல என்பதைக் கலத்தின் மட்டத்தில் நிறுவ முடியுமா என்ற கேள்விதான் என்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தது.

எண்பதுகளின் கடைசியில் பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்து, பிறகு திறந்தபோது பேராதனைக்குப் போனேன். இறுதியாண்டில் எங்கள் நூலகத்துக்கு ‘நேச்சர்’ சஞ்சிகையின் 1994 டிசெம்பர் இதழ் மாதங்கள் தாமதித்து வந்து சேர்ந்தது. நியூயோர்க்கில் ரொக்கபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி ப்ரீட்மனின் குழு, கொழுத்த எலிகளில் பழுதாகியிருந்த மரபணுவைக் கண்டுபிடித்திருந்தது. அந்த எலிகள் 1949இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுகூடத்தில் தற்செயலாகத் தோன்றியவை. கொழுத்த எலியையும் சாதாரண எலியையும் இரத்த ஓட்டத்தால் இணைத்துப் பார்த்த டக்ளஸ் கோல்மன், இரத்தத்தில் ஓடும் ஏதோ ஒன்றுதான் பசியை அடக்குகிறது என்று ப்ரீட்மனுக்கு இருபது ஆண்டுகள் முன்னரே சொல்லியிருந்தார். அந்த ஒன்றுதான் லெப்டின். அதைச் சுரப்பது கொழுப்புக் கலம். கையிருப்பு எவ்வளவு என்று கொழுப்பு மூளைக்குக் கணக்குச் சொல்கிறது. அது குறைந்தால் மூளை பசியை ஏவிவிடுகிறது. அந்தக் கட்டுரையை நிழற்பிரதி எடுத்து, மை மங்கும்வரை வைத்திருந்தேன்.

கலாநிதிப் பட்டத்துக்கு ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரத்திலுள்ள ரோவெட் நிறுவனத்துக்குப் போனேன். பின்னாளில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ஜோன் பொய்ட் ஓர் வளர்த்தெடுத்த போசாக்கு ஆய்வு நிலையம் அது. அங்கே சைபீரிய ஹம்ஸ்ரர்கள் இருந்தன. கோடையின் நீண்ட பகலில் கொழுத்திருக்கும் அந்தச் சிறு பிராணி, கூண்டின் விளக்கு நேரத்தைக் குறைத்துக் குளிர்காலமாக்கினால் தானாகவே உண்ணுவதைக் குறைத்து, சில மாதங்களில் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை இழக்கும். தீனி தட்டு நிறைய இருந்தாலும் இப்படித்தான்.

இதைவிட என்னை உலுக்கிய சோதனை ஒன்று உண்டு. எடை குறைந்துகொண்டிருக்கும் காலத்தில் தீனியையும் சில வாரம் வெட்டினால் ஹம்ஸ்ரர் இன்னும் மெலியும். தீனியைத் திரும்பக் கொடுத்தால் அது பழைய எடைக்குப் போகாது; அந்தத் தேதியில் எந்த எடையில் இருந்திருக்க வேண்டுமோ சரியாக அங்கே வந்து நிற்கும். மூளையின் அடியில் ஏதோ ஒன்று நாளுக்கொரு எடையைக் குறித்துவைத்துக்கொண்டு அதைக் காவல் காக்கிறது. எங்கள் வேலை அந்தக் காவலைத் தேடுவது. உறைந்த மூளையை மயிரிழையை விட மெல்லிய சீவல்களாக வெட்டி, கதிரியக்கம் ஏற்றிய சோதனை இழையை அதன்மேல் விட்டு, எக்ஸ்ரே படச்சுருளோடு இருட்டில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். படத்தைக் கழுவி எடுக்கும்போது ஹைப்போதலமசின் அடியில், பசியைத் தூண்டும் நரம்புக் கலங்களும் தணிக்கும் நரம்புக் கலங்களும் கறுப்புப் பொட்டுகளாகத் தெரியும். மனிதருக்கும் அதே இடத்தில் அதே கலங்கள்தான்.

லெப்டினுக்கு மனிதரில் சான்றும் அந்த ஆண்டுகளிலேயே வந்தது. கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் ஓராஹிலி, சதாப் பரூக்கி ஆகியோரின் குழு, லெப்டினே சுரக்காத இரண்டு பிள்ளைகளை 1997இல் அறிவித்தது. பாகிஸ்தானிய வம்சாவளியில் வந்த உறவுப் பிள்ளைகள். மூத்தவளுக்கு 9 வயதில் 94 கிலோ எடை. லெப்டின் ஊசி போடத் தொடங்கியதும் ஓராண்டில் 16 கிலோ குறைந்தது. உணவுக்கு அழுத பிள்ளை மற்றப் பிள்ளைகள் அளவுக்குச் சாப்பிட்டாள். அந்தப் பிள்ளைக்கு அதுவரை யாரெல்லாம் “வாயைக் கட்டு” என்று சொல்லியிருப்பார்கள்? அவளுடைய வாயில் எந்தப் பிழையும் இருக்கவில்லை. ஒரு மரபணுவில் ஒரேயோர் எழுத்து விடுபட்டிருந்தது.

ஆனால் இப்படிப்பட்டவர்கள் மிக அரிது. பருமனான பெரும்பாலானோரின் இரத்தத்தில் லெப்டின் தாராளமாக ஓடுகிறது. மூளைதான் அதற்குச் செவிகொடுப்பதில்லை. அதற்கான காரணத்தை எலிக்கூண்டுக்கு வெளியிலும் தேட வேண்டும் என்று தோன்றியபோது கொழும்புக்குத் திரும்பி விரிவுரையாளரானேன்.

இங்கே ஹம்ஸ்ரரும் இல்லை, கதிரியக்கக் கூடமும் இல்லை. இரத்தமும் அளவுநாடாவும் இருந்தன. என் கரைக்கே போனேன். இந்தத் துறையின் நடைமுறைகள் அலுவலகத்துக்குப் போகும் மனிதரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பது அங்கேதான் புரிந்தது. இரவு முழுவதும் வெறும் வயிற்றோடு இருந்து காலையில் இரத்தம் கொடுக்கச் சொன்னால், விடியுமுன் கடலுக்குப் போகிறவர் என்ன செய்வார்? அவர் கரையேறும்போது இரண்டு சீனித் தேத்தண்ணி உள்ளே போயிருக்கும். எனவே, வெறும் வயிறு தேவைப்படாத எச்பிஏ1சி சோதனைக்கு மாறினோம். இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் சோதனை அது. இடுப்புச் சுற்றளவை, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் எடுக்க வேண்டும். ஆண்கள் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நிற்பார்கள். சாரத்தின் மடிப்பே இரண்டு விரல் தடிப்பு. பேச்சுக் கொடுத்து, மூச்சை விடவைத்து அளப்பது ஒரு கலை. எடுத்த இரத்தத்தை மீன் பெட்டிக்கு வாங்கும் ஐஸில் புதைத்து, அன்றிரவே கொழும்புக்குக் கொண்டுபோனோம்.

கற்பிட்டியில் ஒரு முதியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “முன்னாடியும் ரத்தம் எடுத்திட்டுப் போனாங்க மகள், ஒண்டும் சொல்லியனுப்பல்ல” என்றார். அன்றிலிருந்து ஒவ்வொருவரின் முடிவையும் தமிழில் எழுதி, நேரில் போய்க் கையில் கொடுத்து விளக்குவதை என் ஆய்வின் பகுதியாக்கினேன். ஒரு சமூகத்தின் இரத்தம் வாங்குகிற ஆய்வாளரின் முதற்கடன் அது.

முதலில் எங்களைத் தடுமாறவைத்தவர்கள் மெலிந்தவர்கள். உயரத்தையும் எடையையும் கொண்டு கணிக்கும் பிஎம்ஐ சுட்டெண்ணில் முற்றிலும் சரியாக இருப்பார்கள். இரத்தத்தில் சீனியும் கொழுப்பும் ஏறியிருக்கும். இந்தப் புதிரைப் புனே கேஇஎம் மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004இல் ‘லான்செட்’ இதழில் ஒரு படத்தாலேயே விளக்கினார். அவரும் பிரித்தானிய நண்பர் ஜோன் யட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2. கொழும்பில் புஜித விக்கிரமசிங்கவின் குழுவும் இலங்கைப் பிள்ளைகளிடம் இதே போக்கைக் காட்டியது: ஒரே சுட்டெண்ணில் ஐரோப்பிய வம்சாவளிப் பிள்ளைகளைவிடக் கொழுப்பு அதிகம். இதனால்தான் தெற்காசியருக்கு 25க்குப் பதில் 23இலேயே எச்சரிக்கை தொடங்குகிறது. இடுப்புக்கு ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 என்ற எல்லை வந்தது.

காரணம் கொழுப்பின் இருப்பிடத்தில் இருக்கிறது. புத்தளத்து உப்பளத்தில் ஒரு பாத்தி நிறைந்தால் நீர் அடுத்த பாத்திக்குப் பாயும். தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு முதல் பாத்தி. அது நல்ல பாத்தி. அங்கே தங்கும்வரை கேடு குறைவு. எங்கள் மக்களுக்கு அது சீக்கிரம் நிறைந்துவிடுகிறது. மிச்சம் வயிற்றறைக்கும் ஈரலுக்கும் தசைக்கும் பாய்கிறது. அங்கே போன கொழுப்பு இன்சுலினின் சொல்லைக் கேட்கவிடாது. ஒப்பான உடற்கொழுப்புள்ள வெள்ளையரோடு ஒப்பிட்டால் தெற்காசிய ஆண்களின் கொழுப்புக் கலங்கள் பருத்தும், அவை சுரக்கும் நன்மை தரும் ஹோர்மோனான அடிப்போனெக்டின் குறைந்தும் இருப்பதை அமெரிக்காவில் மனிஷா சந்தாலியா குழு 2007இல் காட்டியது. பித்தப்பைச் சத்திரசிகிச்சைக்கு வந்தவர்களின் சம்மதத்தோடு பெற்ற கொழுப்புத் துண்டுகளில் நாங்கள் பல ஆண்டு தேடியதும் இந்த இரு பாத்திகளின் வேறுபாட்டைத்தான்.

2007ஆம் ஆண்டு மரபணு வேட்டைக்கும் பெரிய ஆண்டு. எப்டிஓ என்ற மரபணுவின் ஒரு வடிவம், இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால், சராசரியாக 3 கிலோ எடை கூடும் என்று தெரிந்தது. அதைக் காண 38,759 பேரின் டி.என்.ஏ. தேவைப்பட்டது. அப்போது என் மாணவர்களிடம் சொன்னேன்: புத்தளக் கரையில் மட்டும் தேடினால் நாம் ஒரு மரபணுவையும் காணமாட்டோம், உலகத்தின் பெரிய தொகுப்புகளோடு சேர வேண்டும். அதோடு, 3 கிலோவுக்கு அப்பால் ஏறிய எடைக்கு இந்த மரபணுவைக் கைகாட்டவும் முடியாது. பஞ்சகாலத்தைத் தாண்டவென்று எரிபொருளை உடம்பில் சேர்த்துவைக்கும் மரபணுக்கள் நம்மிடம் உண்டு என்று 1962இல் ஜேம்ஸ் நீல் சொன்னார். சோழகக் காற்றில் கடல் கொந்தளித்து அடுப்பு அணைந்த மாதங்களைக் கண்ட எனக்கு அது பிடித்த கருத்துத்தான். ஆனால் அபர்டீனின் ஜோன் ஸ்பீக்மன் அதை மறுத்தார். கொன்று தின்னும் விலங்குகளுக்குப் பயந்து ஓட வேண்டிய தேவை மனிதருக்கு நீங்கியபின், எடையின் மேல் எல்லையைக் காத்த மரபணுக்கள் காவலின்றித் தளர்ந்துபோயின என்பது அவர் வாதம். மேல் எல்லையில் காவல் தளர்ந்து, கீழ் எல்லையில் உறுதியாக நிற்கும் உடம்பைத்தான் நான் எங்கும் கண்டேன்.

மரபணு ஒரு தலைமுறையில் மாறாது. கரை மாறியது. கரைவலையை உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் இழுக்கத் தொடங்கியது. அதனால் மீன்வளத்துக்கு என்ன கேடு என்று பலர் வாதாடியிருக்கிறார்கள். நான் பார்ப்பது இழுத்தவர்களின் தசையை. தசை சுருங்கும்போது குளுட்-4 என்ற வாயில், இன்சுலின் வந்து தட்டாமலே கலத்தின் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோசை உள்ளே எடுக்கும். கயிறு பிடித்த ஒவ்வொரு மணி நேரமும் அந்த ஆட்கள் இலவச வைத்தியம் பெற்றார்கள். சோறு அப்படியே இருக்க, கயிறு கையைவிட்டுப் போனது. அப்பாவின் வருத்தம் இழுத்தவர்களின் வீட்டுக்கும் வந்தது. நாடு முழுவதும் இதே திசைதான். பிரசாத் கட்டுலந்த தலைமையிலான 2005–06 ஆய்வில் வளர்ந்தோரில் 10.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. 2018–19இல் நடந்த தேசிய ஆய்வில் 23 விழுக்காடு.

இன்னொரு கேள்வி என்னை விடாமல் பின்தொடர்கிறது. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளத்திலும் கற்பிட்டிக் குடாநாட்டிலும் ஓலைக் கொட்டில்களில் தஞ்சம் புகுந்தார்கள். அந்தக் கொட்டில்களில் பங்கீட்டு உணவில் கருவைச் சுமந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல். 1944–45 டச்சுப் பஞ்சத்தின்போது கருவானவர்களின் டி.என்.ஏ.யில், வளர்ச்சிக்கான ஐஜிஎப்2 மரபணுவின் மேலுள்ள இரசாயனக் குறி அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் மாறியே இருந்ததை 2008இல் கண்டார்கள். சிறிதாகப் பிறக்கும் இந்தியக் குழந்தையின் உடலிலும் தசை குறைந்து கொழுப்பு காக்கப்படுகிறது என்பதை யாஜ்னிக்கின் புனே ஆய்வு காட்டியது. அகதிமுகாமில் பிறந்த தலைமுறையின் பிறப்பு எடை, தாய்மாரின் கிளினிக் கொப்பிகளில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கொப்பிகள் கறையானுக்குப் போகுமுன் யாராவது படிக்க வேண்டும்.

கூட்டங்களில் என்னிடம் தவறாமல் கேட்பது தேங்காயைப் பற்றி. தென்னை ஆராய்ச்சி நிலையம் லுணுவிலையில், எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. இங்கே தேங்காய் ஒரு வாழ்வு. தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலத்தில் ஏறத்தாழப் பாதி லோரிக் அமிலம். அது கெட்ட கொலஸ்ட்ரோலையும் ஏற்றும், நல்லதையும் ஏற்றும். ஆகவே எண்ணெயை அளந்து ஊற்றுங்கள். ஆனால் சொதிக்குப் பால் பிழிந்தது எங்கள் பாட்டிமார் காலத்திலும் உண்டு. கோதுமை மாவு ரொட்டியும், பாணும், ஒவ்வொரு தேத்தண்ணிக்கும் மூன்று கரண்டி சீனியும், போத்தல் பானமும்தான் பின்னால் வந்தவை. போத்தல் பானங்களுக்கு 2016இல் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளமும், அடுத்த ஆண்டு சீனியின் கிராமுக்கு 50 சத வரியும் வந்ததை நான் முழு மனத்தோடு வரவேற்றேன். தேநீர்க்கடைக் கோப்பைக்கு மட்டும் இன்னும் நிறம் இல்லை.

2022இல் நாடு இருண்டபோது, மைனஸ் 80 பாகை உறைபெட்டியில் கிடந்த மாதிரிகளைக் காப்பதே எங்கள் முழுநேர வேலையானது. டீசல் இல்லை, டொலர் இல்லை, நொதி வாங்க வழியில்லை. மாணவர்கள் முறைவைத்து இரவுகளில் காவல் இருந்தார்கள். அந்தக் குழாய்கள் ஒவ்வொன்றும் விடியற்காலையில் கை நீட்டிய ஒரு மனிதருடையவை என்பதை அவர்களுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

இப்போது எல்லாரும் ஊசியைப் பற்றிக் கேட்கிறார்கள். குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹோர்மோனைப் போலச் செய்த செமாகுளுடைட், 68 வாரத்தில் உடல் எடையைச் சராசரியாக 15 விழுக்காடு குறைத்ததை 2021இல் காட்டினார்கள். அரிய மருந்து, தேவையானவருக்குக் கிடைக்க வேண்டும். நிறுத்தினால் ஓராண்டில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடுகிறது. அபர்டீன் கூண்டில் நான் கண்ட அதே காவல்தான் இது.

ஏறிய எடையை உடம்பு இப்படிக் காக்கிறது என்றால், ஏறுமுன் தடுப்பதுதான் நம் கைக்கு எட்டிய பெரிய வைத்தியம். அதைச் செய்ய வேண்டிய இடங்கள் கர்ப்பிணிகளின் கிளினிக்கும், பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையும், மீன் இறங்குதுறையும். மீனவர் கரையேறும் நேரத்துக்குக் கிளினிக் திறக்கட்டும். தராசோடு அளவுநாடாவும் மேசையில் இருக்கட்டும். மெலிந்தவரையும் அளக்கட்டும். நோயாளியின் தலையைக் குனியவைக்கும் பேச்சு அங்கே வேண்டாம்; பழிக்கு அஞ்சியவர் அடுத்த மாதம் கிளினிக்குக்கு வரமாட்டார், கால் புண்ணோடுதான் வருவார். இதையெல்லாம் செய்ய ஊரை அறிந்த விஞ்ஞானிகள் வேண்டும். உடப்பிலும் கற்பிட்டியிலும் புத்தளத்திலும் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளே, ஆய்வுகூடத்துக்கு வாருங்கள். அந்தக் கிளினிக் கொப்பிகளைப் படிக்கும் வேலையிலிருந்து தொடங்கலாம்; கொழுப்பிலிருந்து ஆர்.என்.ஏ. எடுக்கும் கைப்பக்குவத்தை நான் பழக்கித் தருகிறேன்.